ஈரத்துணிக்குப் போன பேர்

1991 மே மாதம், கத்திரி வெயில். கொரடாச்சேரிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து பெரியப்பாவின் பழைய காரில் தஞ்சாவூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின் சீட்டில் பெரியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். காலையில் ஆரம்பித்த வலி நிற்கவில்லை. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, "இங்க வச்சுக்க வேணாம், உடனே தஞ்சாவூருக்குக் கொண்டு போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். அப்போது 108 எல்லாம் கிடையாது. கார் இருக்கிற வீடுதான் ஊருக்கே ஆம்புலன்ஸ்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாகப்பட்டினம் – தஞ்சாவூர் ரயில் பாதை 1860களின் தொடக்கத்தில் போட்டது. அன்றிலிருந்து ரோட்டுக்காரன் அங்கே ரயிலுக்காகக் காத்திருக்கிறான். டிரைவர் அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். இருபது நிமிஷம் இருக்கும். கேட் திறந்தது, கார் கிளம்பியது. கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். கோவில்வெண்ணி பக்கத்தில், ஒரு குலுக்கல்கூட இல்லாமல், சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிட்டது.

கரிகாலன் ஜெயித்த வெண்ணிப் போர் நடந்த இடம் அந்த ஊர்தான் என்பார்கள். எங்கள் கார் அங்கேதான் தோற்றது.

டிரைவர் அண்ணன் பதறவில்லை. பானெட்டைத் திறந்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்தார், தண்ணீர் தேடினார். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். மே மாதத்தில் வெண்ணாற்றில் மணல்தான் இருக்கும். டீக்கடையில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி, துண்டை நனைத்து, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றினார். "பெட்ரோல் சூடாயிடுச்சுங்க. ஏர் புடிச்சுக்கிச்சு. அரை மணி ஆறட்டும்" என்றார்.

பெரியம்மாவுக்கு அரை மணி நேரம் இல்லை. அந்த வழியாக வந்த பஸ்ஸை மறித்து அவரை ஏற்றினோம். (பிழைத்துக்கொண்டார். வலிக்குக் காரணம் பித்தப்பைக் கல் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த பஸ்ஸில் போன நேரத்தில் எங்களுக்கு அது தெரியாது.) நானும் டிரைவர் அண்ணனும் காரோடு இருந்தோம். சொன்ன மாதிரியே அரை மணி கழித்து ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. "துணி வேலை செஞ்சிடுச்சு பாத்தீங்களா தம்பி" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் டிக்கியில் ஒரு தண்ணீர் கேனும் ஒரு பழைய துண்டும் நிரந்தரமாக இருந்தன. வாரத்துக்கு ஒருமுறையாவது கார் நிற்கும், துணி போடுவார்கள், ஆறும், ஓடும். பம்ப்பை மாற்றினார்கள். டேங்க்கை இறக்கிக் கழுவினார்கள். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டாத மெக்கானிக் கிடையாது. கடைசியில் பெரியப்பா, "ஆபத்துக்கு உதவாத வண்டி எதுக்கு" என்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில், அதை வாங்கியவரைப் பார்த்தேன். கார் இன்னும் ஓடுவதாகச் சொன்னார். நிற்கவில்லையா என்று கேட்டேன். "ஒரு கண்டன்சர் தம்பி. எவனோ டூப்ளிகேட் மாட்டியிருந்தான். மாத்தினேன், அதோட சரி" என்றார். ஒருவேளைச் சாப்பாட்டு விலைகூட இல்லாத சாமான்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. கோளாறு கண்டன்சரில் என்றால், பெட்ரோல் பம்ப்பில் போட்ட துணி இரண்டு வருஷம் எப்படி வேலை செய்தது? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

குளிர் நாட்டு வண்டி

முதலில் டிரைவர் அண்ணன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். துணி வைத்தியம் மூடநம்பிக்கை இல்லை. அதற்கு அசல் காரணம் உண்டு.

1950களின் நடுவிலிருந்து, 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை, நம் ரோடுகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்றே கம்பெனிகளுடையவை. கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர். பம்பாய் குர்லாவில் பிரீமியர் செய்த ஃபியட். நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்த ஹெரால்ட் வகையறா. பெரியப்பாவுடையது இதில் எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தந்தக் கார் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். தவிர, மூன்றுக்கும் வயிறு ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்றுமே குளிர் நாட்டில் பிறந்தவை. அம்பாசிடரின் மூலம், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தை ஒட்டிய கௌலி தொழிற்சாலையில் உருவான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. ஃபியட் 1100 இத்தாலியின் டுரின். ஹெரால்ட் இங்கிலாந்தின் கவென்ட்ரி. ஆக்ஸ்போர்டில் கோடையின் உச்சமான ஜூலையில் பகல் வெப்பம் சராசரி 22, 23 டிகிரிதான். தஞ்சாவூரில் மார்கழி விடியலில் இருக்கும் குளிர், அங்கே கோடை மத்தியானம்!

பெட்ரோல் என்பது தண்ணீர் மாதிரி ஒரே பொருள் இல்லை. பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாக ஆரம்பித்துவிடும். கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். பழைய கார்களில் டேங்க் பின்னால், இன்ஜின் முன்னால். இன்ஜின் மேலேயே பொருத்திய பம்ப், உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு மேலும் கீழும் ஆட, பின்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஊட்டியில் பருப்பு வேக நேரமாவதற்குக் காரணம் இதுதான்: அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. அதேபோல் உறிஞ்சும் குழாயில் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். குழாயில் திரவத்துக்குப் பதில் ஆவி நின்றால், பம்ப் எவ்வளவு அடித்தாலும் ஆவி சுருங்கி விரியுமே தவிர பெட்ரோல் வராது. டிரைவர்கள் 'ஏர் புடிச்சுக்கிச்சு' என்பதும், புத்தகங்கள் 'வேப்பர் லாக்' என்பதும் இதைத்தான்.

ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றும் ஃபேனும் இருக்கின்றன. கேட்டில் நிறுத்தி இன்ஜினை அணைத்தால் ஃபேன் நிற்கிறது, ரேடியேட்டர் தண்ணீரின் சுழற்சியும் நிற்கிறது. இன்ஜின் இரும்பில் தேங்கிய சூடு மெதுவாகக் கசிந்து பம்ப்பையும் கார்புரேட்டரையும் சுட வைக்கிறது. அதனால்தான் நிறுத்திய உடனே இருப்பதைவிட, பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து பானெட்டுக்குள் சூடு அதிகமாக இருக்கும். ஈரத்துணி பம்ப்பைக் குளிர வைப்பது, மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கிற அதே கணக்குதான்.

ஆக, டிரைவர் அண்ணன் சொன்ன நோய் உண்மையான நோய். அவர் கொடுத்த மருந்து உண்மையான மருந்து. எங்கள் காருக்கு மட்டும் அந்த நோய் இல்லை.

1853-ல் பிறந்த குட்டி டப்பா

கண்டன்சர் என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு தகர டப்பா. உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தாள்கள், நடுவில் மின்சாரம் கடத்தாத காகிதம். பாய் மாதிரி சுருட்டி வைத்திருக்கும். இவ்வளவுதான். ஆனால் அதன் கதை கார் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது.

பாரிஸில் ரூம்கோர்ஃப் என்ற கருவி செய்பவர், சின்ன பேட்டரியிலிருந்து பெரிய மின்பொறி வரவைக்கும் கம்பிச்சுருளைச் செய்துகொண்டிருந்தார். சுருளில் ஓடும் மின்சாரத்தைப் பட்டென்று துண்டித்தால், பக்கத்தில் சுற்றியிருக்கும் இன்னொரு சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்பும். பிரச்சினை என்னவென்றால், துண்டிக்கிற இடத்திலேயே ஒரு பொறி பறந்து மின்சாரம் தாவிவிடும். பட்டென்று துண்டிக்க முடியாது. 1853-ல் இப்போலித் ஃபிஸோ என்ற இயற்பியலாளர், துண்டிக்கும் முனைகளுக்குக் குறுக்கே ஒரு கண்டன்சரை இணைத்தார். தாவ நினைத்த மின்சாரத்தை அது வாங்கி வைத்துக்கொண்டது. துண்டிப்பு சுத்தமாக நடந்தது. பொறியின் பலம் கூடியது. அந்த வருஷம் தஞ்சாவூரில் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி உயிரோடு இருந்தார். அவர் இறந்தது 1855-ல். அவ்வளவு பழைய சங்கதி.

அமெரிக்காவில் டேட்டன் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் இந்த யோசனையைக் காருக்கு ஏற்றபடி அமைத்தார். 1910-ம் வருஷத்து கேடிலாக் காரில் அவருடைய அமைப்பு வந்தது. பேட்டரி, காயில், திறந்து மூடும் பாயிண்ட், அதோடு ஒட்டிய கண்டன்சர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பங்கு போட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். ஏறக்குறைய அதே அமைப்புதான் எங்கள் பெரியப்பா கார் வரைக்கும் வந்தது. நம் பக்கத்தில் இந்த மின்சாமான்களுக்குப் பேர்போனது, 1961-ல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ். இன்றைக்கும் அங்கே பஸ் ஸ்டாப்புக்கே அந்தப் பேர்தான்.

வேலையின் அளவைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால், பாயிண்ட் நிமிஷத்துக்கு 6000 தடவை, அதாவது நொடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். திறக்கும் இடைவெளி லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் 0.014 முதல் 0.016 அங்குலம். ஒவ்வொரு திறப்பிலும் கண்டன்சர் தன் வேலையைச் செய்ய வேண்டும். அதையும் கொதிக்கிற இன்ஜினை ஒட்டி உட்கார்ந்துகொண்டே செய்ய வேண்டும்.

உள்ளே இருக்கும் காப்பு லேசாகப் பழுதுபட்டால், குளிர்ந்த நேரத்தில் கண்டன்சர் ஒழுங்காகவே இருக்கும். சூடேறினால் மின்சாரம் கசியும். பொறி பலவீனமாகி, ஒரு கட்டத்தில் பிளக்கில் பொறியே இருக்காது. ஆறினால் மறுபடி நல்ல பிள்ளை. காயிலும் இப்படித்தான் கெடும்: உள்ளே அறுந்த கம்பி குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகும்.

இப்போது என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. துணி பம்ப்பைக் குளிர வைத்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில், யாரும் கண்டுகொள்ளாமல் கண்டன்சரும் ஆறிக்கொண்டிருந்தது. குணப்படுத்தியது அந்த அரை மணி நேரம். பேர் துணிக்குப் போனது.

காத்திருந்தால் ஆறும் நோய்கள்

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. காத்திருந்தால் தானாகச் சரியாகும் கோளாறுகள் இந்த இரண்டு மட்டும் இல்லை.

பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று போக ஒரு பொடித்துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் இழுத்துப் பார்க்கும். முடியாமல் வண்டி நிற்கும். நின்ற பிறகு எங்காவது இடுக்கு வழியாகக் காற்று மெல்ல உள்ளே போய்விடும். வண்டி ஓடும்.

பழைய டேங்க்கில் துருச்செதில் மிதக்கும். உறிஞ்சும் குழாய் வாயில் அது போய் ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் நிற்கும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நிற்கும், செதில் விழுந்துவிடும். மறுபடி ஓடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் போகும் மெல்லிய ஒயர், மேலே உறை நன்றாக இருந்து உள்ளே மட்டும் அறுந்திருக்கும். ஆடும்போது ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் தொடாது.

இத்தனைக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே: வண்டி நின்றது, கொஞ்ச நேரம் கழித்து ஓடியது. இடையில் நீங்கள் என்ன செய்தீர்களோ அதற்குப் பேர் போகும். துணி போட்டவன் துணி என்பான். பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டவன் பிள்ளையார் என்பான். அமெரிக்காவில் துணி காயப்போடும் மரக் கிளிப்பைப் பெட்ரோல் குழாய் நெடுக மாட்டிக்கொண்டால் வண்டி நிற்காது என்று ஒரு தலைமுறையே நம்பியது. அவர்களுக்கும் காத்திருக்கிற நேரம் இருந்திருக்கும்.

கரி பஸ் காலம்

பெட்ரோலே கிடைக்காத காலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. எங்கள் தாத்தா 'கரி பஸ்' பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரொம்ப நாள் அதைக் கதை என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்த எண்ணெயும் போனது. பஸ் முதலாளிகள் கரிக்கு மாறினார்கள். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 'டிவிஎஸ் கேஸ் பிளாண்ட்' என்ற கருவியைச் செய்து கொடுத்தது அப்போதுதான். யோசனை உலகம் முழுக்க இருந்ததுதான். பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஜார்ஜ் இம்பெர்ட் 1920களிலேயே விறகில் ஓடும் வண்டிக்கான உலையை உருவாக்கியிருந்தார்.

பஸ்ஸோடு ஒரு பெரிய உருளை உலை இருக்கும். அதில் கரியைக் கொட்டி அடியில் நெருப்பு மூட்டுவார்கள். போதுமான காற்று கொடுக்காமல் எரித்தால் கரி முழுக்க எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அது எரியும் வாயு. சுவாசித்தால் ஆளைக் கொல்லும் வாயுவும் அதுதான். அதை வடிகட்டி, குளிரவைத்து, இன்ஜினுக்கு அனுப்ப வேண்டும். கிளம்புவதற்கு முன் கிளீனர் கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊதி நெருப்பை எழுப்ப வேண்டும். பெட்ரோலில் கிடைக்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்துபோகும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள் என்று தாத்தா சொன்னது இதனால்தான்.

அந்த பஸ்களும் நடுவழியில் நின்றன. காரணங்கள் பல. உலைக்குள் அடியில் இருக்கும் கரி எரிந்து போனாலும், மேலே இருக்கும் கரி ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துக் கூரை மாதிரி நின்றுவிடும். நடுவில் வெற்றுக் குகை, வாயு வராது. சில நேரம் கரியில் ஈரம் இருக்கும். சில நேரம் வடிகட்டி சாம்பலால் அடைத்துக்கொள்ளும். சில நேரம் அடியில் சாம்பல் உருகிக் கட்டி தட்டிவிடும். எதுவானாலும் கிளீனர் செய்வது ஒன்றுதான்: கம்பியால் குத்தி உலையை உலுக்கி, சக்கரத்தைச் சுற்றி ஊதுவார். நெருப்பு எழும்பும், வாயு வரும், பஸ் நகரும். குகைதான் காரணம் என்றால் உலுக்கல் சரியான வைத்தியம். வடிகட்டி அடைப்பு என்றால் அடுத்த ஊரில் மறுபடி நிற்கும்; மறுபடி உலுக்குவார்.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்ததும் உலைகள் கழற்றப்பட்டன. உலுக்குகிற பழக்கம் மட்டும் வேறு ரூபத்தில் நம்மோடு தங்கிவிட்டது.

நின்ற அந்த நிமிஷம்

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? பெரியப்பாவின் காரை வாங்கியவருடைய மெக்கானிக் செய்தது இதுதான். அவர் காரை ஷெட்டில் நிறுத்திப் பார்க்கவில்லை. "ஓடுற வண்டியில நோய் தெரியாதுங்க. நிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்" என்று சொல்லி, மத்தியான வெயிலில் கூடவே உட்கார்ந்து சுற்றியிருக்கிறார். இரண்டாம் நாள் கார் நின்றது. துணியைத் தொடவே இல்லை. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் தடிமனான ஒயரைப் பிடுங்கி, முனையை இன்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிக் காய்ந்த மரக்கட்டையால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். நல்ல இன்ஜினில் நீலப் பொறி சடசடவென்று அடிக்கும். அங்கே மஞ்சளாக ஒரு பொறி வந்தது, பிறகு அதுவும் இல்லை. பையில் கொண்டுவந்திருந்த நல்ல கண்டன்சர் ஒன்றை வெளியிலிருந்தே ஒயர் போட்டு இணைத்தார். சூடு ஆறாத அதே இன்ஜின், அதே நிமிஷம் ஸ்டார்ட் ஆனது.

ஆறாமலே ஓடியது என்பதுதான் இங்கே சாட்சி. ஆறிய பிறகு ஓடியிருந்தால் அது எதற்கும் சாட்சி இல்லை.

பொறி நன்றாக இருந்திருந்தால் அவர் அடுத்துப் பெட்ரோலைப் பார்த்திருப்பார். டேங்க் மூடியைத் திறந்து 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா என்று காது கொடுப்பார். இழுத்தால் துளை அடைப்பு. இல்லையென்றால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவில் பிடித்து, பெட்ரோல் துடித்து வருகிறதா, நுரையாக வருகிறதா, வரவே இல்லையா என்று பார்ப்பார். (வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: பொறியையும் பெட்ரோலையும் ஒரே நேரத்தில் சோதிக்கவே கூடாது. அனுபவம் இல்லாதவர்கள் இரண்டையுமே மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.)

அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. மின்சாரக் கோளாறில் இன்ஜின் பெரும்பாலும் பட்டென்று நிற்கும். பெட்ரோல் கோளாறில் அப்படி நிற்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடி, இழுத்து, குலுக்கி, திக்கித் திணறித்தான் அடங்கும். இந்த அறிகுறி ஒன்றே முடிவான தீர்ப்பு ஆகாது. ஆனால் எந்தப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லும். கோவில்வெண்ணியில் எங்கள் கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது என்று மேலே எழுதினேன் அல்லவா? காருக்குள் இருந்த நாங்கள் அத்தனை பேரும் அதை உணர்ந்தோம். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் வந்த எந்த மெக்கானிக்கும் "எப்படி நின்னுது?" என்று கேட்டதாக நினைவில்லை. "என்ன மாத்தலாம்?" என்றுதான் கேட்டார்கள்.

இப்போது

பாயிண்ட்டும் கண்டன்சரும் புதுக் கார்களில் இல்லை. பம்ப் டேங்க்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. அது உறிஞ்சாமல் அழுத்தித் தள்ளுவதால் வேப்பர் லாக் என்ற பேச்சே அநேகமாகப் போய்விட்டது. 2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. ஆனால் டெல்டாவில் இன்னும் பழைய கார்களைப் பிரியமாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போது புதிதாக ஒரு பேச்சு: "எல்லாம் எத்தனால் பண்ற வேலை."

2003-ல் 5 சதவீதம் என்று தொடங்கிய கலப்பு, 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது, 2025-ல் 20-க்கு வந்துவிட்டது. கரும்பிலிருந்து மட்டும் இல்லை, மக்காச்சோளத்திலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும்கூட எத்தனால் எடுக்கிறார்கள். நெல் விளைகிற ஊர்க்காரனுக்கு, காருக்கும் அரிசி போகிறது என்பது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கிறது.

பழைய கார்காரர்களின் பயத்தில் நியாயம் உண்டு. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் கொஞ்சமாகப் பெட்ரோலில் கலக்கும்போது கலவை இன்னும் சுலபமாக ஆவியாகிறது. பழைய ரப்பர் குழாயும் பம்ப் சவ்வும் அதைத் தாங்குவதற்காகச் செய்தவை இல்லை. ஈரத்தை இழுக்கும், பழைய டேங்க்கில் ஒட்டிக்கிடந்த அழுக்கைக் கரைத்துவிடும். ஆக, பம்ப்புக்கு ஈரத்துணி போடும் காலம் உண்மையாகவே திரும்பி வரலாம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உண்மையான நோய் ஒன்று ஊருக்குள் இருக்கும்போதுதான் மற்ற நோய்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். வேப்பர் லாக் நிஜம் என்பதால்தான் எங்கள் கண்டன்சர் இரண்டு வருஷம் தப்பித்தது. இன்றைக்கு எத்தனால் நிஜம் என்பதால் எத்தனை டேங்க் மூடிகளும் அறுந்த ஒயர்களும் தப்பித்துக்கொண்டிருக்கின்றனவோ. உங்கள் வண்டி அடிக்கடி நின்றால், மாற்றுவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, எவ்வளவு வெயிலில், டேங்க்கில் எவ்வளவு இருக்கும்போது, பட்டென்றா திணறியா, எத்தனை நிமிஷத்தில் திரும்ப ஓடியது. நாலு தடவை எழுதினால் வண்டியே சொல்லிவிடும். டிரைவர் அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தெரிந்ததை அவர் ஒழுங்காகச் செய்தார், அது ஒவ்வொரு முறையும் பலித்தது. பலிக்கிற வைத்தியத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்தக் கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்றே பெரியப்பாவிடம் கண்டன்சர் விஷயத்தைச் சொன்னேன். ஃபிஸோ, கெட்டரிங் எல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வாங்கியவர் சொன்னதை மட்டும் சொன்னேன். ஈசி சேரில் சாய்ந்தபடி முழுதும் கேட்டார். கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா துணி போட்டா ஓடுச்சேடா" என்றார்.